நீ விட்டுப்போன லேப்டாப்பில் லினக்ஸ்

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் உதைத்துக்கொண்டிருக்கும் குட்டியும் சுகம் என்று தெரிந்தால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும். கால் வீங்குகிறது என்றாயே, உட்காரும்போது தொங்கப்போடாதே, தலையணை வைத்து உயர்த்திக்கொள். அப்பாவுக்குக் கண் இன்னும் கொஞ்சம் மங்கிவிட்டது, செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு உட்காருவது அவர், படிப்பது நான். அவர் வாய் மட்டும் குறையவே இல்லை.

ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் துணி வண்டி தள்ள ரோபோ வருகிறது என்று சொன்னேன் அல்லவா. வண்டி தள்ளுகிற எட்டுப் பேரில் இரண்டு பேரைத்தான் வைத்துக்கொள்வார்களாம், அந்த ரோபோக்களைப் பார்த்துக்கொள்ள. ஆறு வாரப் பாடத்தை யார் நன்றாக முடிக்கிறார்களோ அவர்களுக்குத்தான் அந்த இடம் என்றதும் எட்டுப் பேரும் பெயர் கொடுத்தோம். சலவைப் பிரிவு இருக்கும் அந்த அடித்தளத்தில் ஜன்னலே கிடையாது, பத்தொன்பது வருஷமாகக் காலையில் இறங்கினால் சாயங்காலம் ஏறும்போதுதான் வெளியே மழையா வெயிலா என்று தெரியும். ஒரு பக்கம் துவைக்கிற மெஷின், மறுபக்கம் உலர்த்துகிற மெஷின், நடுவில் நான். வீட்டுக்கு வந்தால் அப்பாவுக்கு மாத்திரை, அப்பாவுக்குப் பேப்பர், அப்பாவின் செருப்பு எங்கே. குறை சொல்லவில்லை, நிலவரம் சொல்கிறேன்.

பாடத்துக்கான ரோபோ மென்பொருள் லினக்ஸில்தான் ஓடுமாம். நீ விட்டுப்போன லேப்டாப்பில் இருப்பது விண்டோஸ். அத அழிக்க வேணாம்மா, அதுக்குள்ளயே வெர்ச்சுவல் மெஷின்னு ஒண்ணு போட்டு அதுல லினக்ஸ ஏத்துங்க, கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டர் குடியிருக்கிற மாதிரி என்றார் பாடம் நடத்தும் மேடம். கேட்க எளிதாகத்தான் இருந்தது. கோப்பு இறங்கவே இரண்டு நாள் ஆயிற்று. இறங்கியதும், தொடங்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. லேப்டாப் உயிர் பெறும்போதே ஒரு பட்டனை விடாமல் தட்டி உள்ளே நுழைந்து, அணைந்து கிடக்கும் ஒரு வசதியை இயக்கிவிட வேண்டுமாம், மூன்று தடவை தவறவிட்டு நான்காவது தடவை பிடித்தேன். அடுத்து மெமரி எவ்வளவு வேண்டும் என்று கேட்டது, இருக்கிற எட்டு ஜிபியில் ஏழு ஜிபியைத் தாராளமாகக் கொடுத்தேன், லேப்டாப் அப்படியே உறைந்துவிட்டது. விருந்தாளிக்கே எல்லாத்தையும் குடுத்துட்டா வீட்டுக்காரன் பட்டினி கெடக்க மாட்டானா, பாதிக்குப் பாதி குடுங்க என்று மேடம் சிரித்தார். ஒருவழியாக லினக்ஸ் வந்தது, ஆனால் அந்தக் கட்டத்துக்குள் போன மவுஸ் அம்பு வெளியே வரவில்லை. நான்கு ஓரத்திலும் முட்டி முட்டி நிற்கிறது. நானும் விடாமல் இழுத்து இழுத்துப் பார்த்தேன். மாடிப்படியா ஏறின, இப்படி மூச்சு வாங்குது என்று அப்பா கேட்டார். வலது பக்கக் கன்ட்ரோல் பட்டனைத் தட்டினால் வந்துவிடும் என்று பாடக் குறிப்பின் கடைசிப் பக்கத்தில் இருந்தது, கடைசிப் பக்கத்தை யார் முதலில் படிக்கிறார்கள்.

கடைசி வாரம் புதன்கிழமை பெரிய அடி விழுந்தது. ஹார்ட் டிஸ்கில் நான் ஒதுக்கிய இருபது ஜிபி இடம் போதாமல் ரோபோ மென்பொருள் பாதியில் நின்றுவிட்டது, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும், ரோபோவை ஓட்டிக் காட்ட வெள்ளிக்கிழமை கெடு. லேப்டாப்பை மூடிவிட்டேன். இதோடு விட்டுவிடலாம், தோற்றால் வேலை போகும், வேலை போனால் நிம்மதியாக உன் பிரசவத்துக்கு வந்துவிடலாம், யாரும் என்னை ஒன்றும் சொல்ல முடியாது என்று நினைத்தேன். நிஜமாகவே நினைத்தேன் கண்ணு. மறுநாள் எனக்கு வார விடுமுறை, அப்பாவுக்குக் காப்பியைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன், நாற்பது ஜிபி ஒதுக்கிப் புதிதாகப் போட்டேன். ஏன் என்று அப்போது தெரியவில்லை. மத்தியானத்துக்கு மேல் திரையில் ஒரு காலி அறையும் நடுவில் சாப்பாட்டுத் தட்டு மாதிரி ஒரு ரோபோவும் வந்தது. ஒரு வரி தட்டினேன், நகர்ந்தது. இன்னொரு வரி தட்டினேன், திரும்பியது. நகருதுங்க என்று கத்திவிட்டேன். யாரு நகர்றா என்று அப்பா எழுந்தே விட்டார்.

வெள்ளிக்கிழமை எல்லோரும் ஓட்டிக் காட்டியதும், என் பெயரையும் எங்களோடு வண்டி தள்ளும் மீசைக்காரர் பெயரையும் படித்தார்கள். மற்ற ஆறு பேரும் எனக்கு முகம் கொடுக்கவில்லை, வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். லீவு கிடைக்கவில்லை என்று ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னேனே, அது பொய். நான் லீவு கேட்கவே இல்லை. ரோபோ வருகிற மாதமும் உன் ஒன்பதாம் மாதமும் ஒன்றுதான். மேற்பார்வையாளர் தானாகவே கேட்டார், மகளுக்குப் பிரசவம்னீங்களே, போறதா இருந்தா இப்பவே சொல்லிடுங்க, அடுத்த ஆளப் போட்டுக்கறேன் என்று. அப்பாவைப் பார்த்துக்கொள்ள உன் அத்தை வருவதாகச் சொல்லியிருந்தாள். தடுக்க ஒருவரும் இல்லை. போகல சார், இருக்கேன் என்று சொன்னது என் வாய்தான். வேலைக்காக என்று சொன்னால் நீ நம்புவாய், ஆனால் அது பாதிதான். இந்த வீட்டிலும் அந்த அடித்தளத்திலும் இத்தனை வருஷம் எல்லோர் சொல்லுக்கும் நான்தான் நகர்ந்தேன், என் சொல்லுக்கு ஒன்று நகர்ந்ததை விட்டுவிட்டு வர மனசு வரவில்லை. சொன்ன நாளிலிருந்து சரியாகத் தூக்கமும் இல்லை. போனால் அது போய்விடும், போகாவிட்டால் நீ அங்கே வலியில் அம்மா என்று கூப்பிடும்போது நான் இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் இடிக்கிறது. எனக்குப் பதிலாக அத்தை உன்னிடம் வரச் சம்மதித்திருக்கிறாள். என்னளவுக்குக் கத்த மாட்டாள், அதுவரை உனக்கு லாபம்.

சுகமாகப் பெற்றுப் பிழைத்து, கையில் குழந்தையோடு நூறு வருஷம் நன்றாக இரு. இரும்பு மாத்திரையை மறக்காதே. அப்பாவிடமும் லீவு இல்லை என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன், போன் வரும்போதெல்லாம் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், அதனால் திட்டுவதானால் எழுதித் திட்டு. நிறையவே எழுது.

உன்,
அம்மா