நீண்ட வால் குருவி

மார்ச் 9, ஞாயிறு

தேவாலயத்தில் பூசை முடிந்து வெளியே வந்தால் எல்லோர் வாயிலும் ஒரே குருவிதான். என் தம்பி மில்ரன் போனில் எடுத்த படம்: பச்சை முதுகு, செங்கல் நிறத் தலை, ஊசிபோல நீண்ட வால். "உலகத்தில எங்கயும் இல்லாத குருவி" என்று முகநூலில் போட்டிருக்கிறான். கரையில் மணல் அள்ள வந்திருக்கும் கொம்பனியை இந்தக் குருவியே நிறுத்திவிடும் என்று சனம் நம்புகிறது. 18ஆம் திகதி செவ்வாய் அதிகாரிகள் பார்க்க வருகிறார்கள். மீனவர் சங்கத் தலைவர் அன்ரனி அண்ணை மில்ரனைக் கட்டிப்பிடித்தார்.

எனக்கு மட்டும் இந்தக் குருவியை ஏற்கெனவே எங்கேயோ பார்த்ததுபோல இருக்கிறது.

மார்ச் 11

கிணற்றடியில் அதே நீண்ட வால். ட்விட், ட்விட், ட்விட் — இது நாங்கள் தினமும் கேட்கிற சத்தம்தானே?

மார்ச் 13, வியாழன்

போயா, முழுநிலா விடுமுறை. நான் வேலை செய்யும் மருந்துக்கடை லீவு. கிணற்றடிக் கொய்யா மரத்துக்கு எதிரே காலையிலிருந்து அசையாமல் இருந்தேன். இரண்டு குருவிகள். ஒன்றின் வால் நீளம், மற்றதன் வால் குட்டை. வேறு வித்தியாசம் இல்லை. வாயில் புழுவோடு மாறி மாறி ஓர் இலைக்குள் போயின. கிட்டப் போய்ப் பார்த்தேன். இலையின் இரண்டு ஓரங்களையும் பஞ்சால் தைத்துக் கூடு.

தையல்சிட்டு. எல்லா வேலியிலும் இருக்கிற தையல்சிட்டு! இணையத்தில் தேடினேன். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் குருவிக்கு வாலின் நடு இறகுகள் நீளுமாம். படமும் ஒத்துப்போகிறது.

கடவுளே, இதை ஆரிட்டச் சொல்லுறது?

மார்ச் 14

மில்ரனிடம் சொன்னேன்.

"வாயை மூடுங்கோ அக்கா. உங்களுக்குக் கடற்கரை வேணுமோ, குருவியின்ர பேர் வேணுமோ?"

"வாறவங்களுக்குப் பாத்த உடன தெரியுமடா. பிறகு எங்கட கிணறு உப்பானதையும் பொய் எண்டுவாங்கள்."

போன மாதம் கொம்பனி சோதனைக் குழி தோண்டியபின், பக்கத்துக் கிணறுகளின் தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை. அதுதானே உண்மை? அவன் சாப்பிடாமல் எழுந்து போனான்.

மார்ச் 16

நித்திரை இல்லை.

மார்ச் 17

அன்ரனி அண்ணையின் வீட்டுக்குப் போனேன். கூட்டின் படத்தைக் காட்டினேன். கதிரையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"சனம் உன்னை ஏசும், பிள்ளை."

"ஓம் அண்ணை. தெரியும்."

"அப்ப நாளைக்கு நீயே எழும்பிச் சொல்லு. நான் கிணத்துத் தண்ணி கொண்டு வாறன்."

மார்ச் 18, செவ்வாய்

அதிகாரிகள் வந்த கூட்டத்தில் எழும்பிச் சொல்லிவிட்டேன். "இது தையல்சிட்டு. அரிய குருவி இல்லை." பின்னாலிருந்து ஒரு பெண், "கொம்பனியிட்ட காசு வாங்கிப்போட்டாள்!" என்று கத்தினாள். மில்ரன் என்னைப் பார்க்காமல் வெளியே போனான். வந்திருந்த பெண் அதிகாரி தலையாட்டினார். "எங்களுக்கும் படத்தைப் பாக்கேக்கயே சந்தேகம். வேற என்ன சொல்லப் போறீங்கள்?" அன்ரனி அண்ணை கிணற்றுத் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து கொடுத்தார். அந்த அதிகாரி ஒரு மிடறு குடித்து முகத்தைச் சுளித்தார். பிறகு கிணறுகளைக் காட்டச் சொன்னார்.

மார்ச் 26

தண்ணீர்ப் பரிசோதனை முடியும்வரை கொம்பனி தோண்டக்கூடாதாம். கடிதம் வந்துவிட்டது. முடிவு எப்படி வருமோ, தெரியாது.

மில்ரன் இன்னும் என்னோடு கதைப்பதில்லை. ஆனால் இன்று வேலைக்கு வெளிக்கிட்டபோது, நேற்றுக் காற்றுப்போய்க் கிடந்த என் ஸ்கூட்டியின் சில்லுக்கு ஒட்டுப்போட்டு வைத்திருந்தான்.