அடுப்படி ஸ்பீக்கர்

மே 5, திங்கள்

கத்திரி வெயில். காலையிலேயே முற்றம் கொதிக்கிறது. வடகம் காயப் போட்டாயிற்று. முகப்பு அறையில் இவருடைய பாட்டுப் பெட்டி, அந்த ரிசீவர், மறுபடியும் அணைந்துவிட்டது. கொஞ்ச நேரம் பாடுகிறது, மேல்மூடி தோசைக்கல்லாகச் சுடுகிறது, 'டக்'. அவ்வளவுதான்.

இது கெட்டால் பாட்டு மட்டும் போவதில்லை. தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு இவருக்குக் குரல் இல்லை. கோயில் பாடற்குழுவில் முன்னால் நின்று பாடிய மனுசன். இதுவோ நீட்டு வீடு. முகப்பில் இவர், பின்கட்டு அடுப்படியில் நான். என்னைக் கூப்பிட ஒரு மணி வாங்கி வந்தார். "மணியடிச்சா ஓடியாரதுக்கு நான் என்ன பியூனா?" என்று கத்திவிட்டேன். மறுநாளே ரிசீவரிலிருந்து வயர் இழுத்து அடுப்படியில் ஒரு ஸ்பீக்கர் மாட்டிவிட்டார். பாட்டுச் சத்தம் சட்டென்று கூடினால் இவர் கூப்பிடுகிறார் என்று அர்த்தம்.

மே 6, செவ்வாய்

இயற்பியல் வாத்தியாராக இருந்தவர் இல்லையா, என்ன பொறுமை! ஒன்றை மாற்றுவார், உட்கார்ந்து பார்ப்பார், அப்புறம்தான் அடுத்தது. நானாயிருந்தால் ஓங்கி ஒரு தட்டு. இன்று செய்தவை:

— அலமாரிக் கண்ணாடிக் கதவைக் கழற்றினார். சூடு குறையவில்லை.

— மேலே நான் விரித்திருந்த பூத்தையல் துணியை எடுத்தார். கொஞ்சம் தேவலை. (எதைக் கண்டாலும் துணி விரிக்கிற புத்தி எனக்கு. டிவி, மிக்ஸி, எல்லாவற்றுக்கும்.)

— பெயின்ட் பிரஷ்ஷால் தூசி தட்டினார். ஒரே தும்மல்.

— ஆத்தங்குடிக் கல் சில்லென்றிருக்குமே என்று தரையில் இறக்கினார். இன்னும் கொஞ்ச நேரம் கூடுதலாகப் பாடியது. டக்.

பக்கத்து வீட்டு ஆச்சி எட்டிப் பார்த்து, "எதுக்கு வாத்தியாரே இம்புட்டுப் பாடு? தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிப்புடுங்க" என்றார்கள்.

இவர் சிலேட்டில் எழுதிக் காட்டினார்: 'இது கெடலை ஆச்சி. தாங்க முடியலைன்னா தானே அணைஞ்சுக்குது. புத்தியுள்ள மிசினு.'

ஆச்சி சிரித்துக்கொண்டே போனார்கள். இப்படி ஒருத்தர் எனக்கு வாய்த்தாரே என்று இருந்தது. சொன்னால் தலைகால் புரியாது, சொல்லவில்லை.

மே 8, வியாழன்

நேற்று சாயங்காலம் தூறல், புழுக்கம் கூடியதுதான் மிச்சம். கல்லலில் இருந்து தம்பி மாம்பழம் கொடுத்துவிட்டான்.

இன்று முகப்பு ஸ்பீக்கர் இரண்டு, அடுப்படியில் ஒன்று, மூன்றின் வயர்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதனை. அடுப்படி வயரை உருவியதும் மதியம் முழுக்க அணையாமல் பாடியது. மேலே கை வைத்துப் பார்த்தேன், வெதுவெதுப்புதான்.

சிலேட்டு: 'மூணையும் சேர்த்து இழுக்க அதால முடியலை. அதான் சூடு.'

"அப்ப அடுப்படியில உள்ளதைக் கழட்டியே வச்சுருங்க. நான் அப்பப்ப வந்து எட்டிப் பாத்துக்கிறேன்" என்றேன்.

அழித்த சிலேட்டையே துடைத்துக்கொண்டிருந்தார். என் சமாதானம் எனக்கே பிடிக்கவில்லை. வேறென்ன செய்ய? முகப்பில் இருக்கும் பெரிய ஸ்பீக்கர் இரண்டும் மதுரைக்கு அலைந்து, கேட்டுக் கேட்டுப் பொறுக்கி வாங்கியவை. பாட முடியாதவருக்குப் பாட்டு கேட்பதாவது மிஞ்சட்டும்.

மே 9, வெள்ளி

வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறேன், அடுப்படி ஸ்பீக்கரில் பாட்டு! சட்டென்று சத்தம் கூடுகிறது.

"ஏங்க, சொன்னாக் கேக்க மாட்டீகளா? மறுபடி மாட்டி வச்சிருக்கீக! சூடேறிப் போகப்போகுது!" கத்திக்கொண்டே போனேன்.

முகப்பில் சத்தமே இல்லை. பெரிய ஸ்பீக்கர் இரண்டும் வயர் உருவி, சுவரோரம் ஒதுக்கப்பட்டு. ரிசீவர் மேல் உள்ளங்கையை வைத்தபடி நாற்காலியில் இவர். அங்கிருந்து அடுப்படிப் பாட்டு கொஞ்சங்கூடக் கேட்கவில்லை.

சிலேட்டைத் தூக்கிக் காட்டினார்: 'அங்குட்டு நல்லாக் கேக்குதா?'

"கேக்குதுங்க" என்றேன். காது நன்றாகக் கேட்கிற மனுசனிடம், தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கத்தினேன்.