மயங்கிக் கிடந்தவன் கத்தியது

செவ்வாய் இரவு, வெள்ளவத்தை.

மருத்துவ மாணவர்களும் தாதி மாணவிகளும் சேர்ந்து வேலை செய்யப் பழகும் வகுப்பில் இன்றும் நான்தான் மயங்கிய நோயாளியாக நடித்தேன். இரத்த அழுத்தம் விழுவதாக இயந்திரம் காட்டியது. தாதி மாணவி ஒருத்தி அதைக் கண்டுவிட்டாள். ஆனால் மருத்துவ மாணவன் வந்ததும் வழக்கம்போல் பின்னால் ஒதுங்கி நின்றாள்.

பொறுக்க முடியாமல் எழும்பிவிட்டேன். "வாயைத் திறந்து சொல்லு பிள்ளை! நான் சாகப்போறன்!"

எல்லோரும் சிரித்தார்கள். "ஐயா, நீங்க இப்ப மயக்கத்தில. பேசாமல் படுங்கோ," என்றார் ஆசிரியை.

அந்தப் பிள்ளை மட்டும் அழுதாள். "டொக்டர் கேக்காமல் நாங்க கதைக்கிறதில்லை, ஐயா."

என் மனைவி கடைசியாக மூச்சுக்குத் தவித்த கட்டிலருகிலும், டொக்டர் கேட்கட்டும் என்று ஒரு தாதி பேசாமல்தான் நின்றாள்.

இனி நடிக்க என்னைக் கூப்பிட மாட்டார்களாம். கூப்பிட்டால் மறுபடியும் கத்துவேன். அப்போதும் அந்தப் பிள்ளை பின்னால்தான் நிற்பாள்.