நீ கேட்டு வாங்கிய வீட்டுப் பேர்

என் ராஜம்மா அக்காவுக்கு,

அந்தப் பாழாய்ப்போன காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய் நாற்பது நாளாகிறது. எழுத உட்கார்ந்தால் அழுகைதான் வந்துகொண்டிருந்தது. இன்றைக்கு அப்படி இல்லை, கையில் அவ்வளவு நல்ல சேதி இருக்கிறது. முதலில் அதைச் சொல்லட்டுமா? வேண்டாம். நீ எப்போதும் கதையை ஆரம்பத்திலிருந்துதான் கேட்பாய், என் மூக்கு உடைந்த இடம் வரும்வரை விடமாட்டாய்.

அப்போது நான் திருப்பதியில் சட்டம் இரண்டாம் வருஷம். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து இரண்டு சர்க்காரும் போட்ட ஒப்பந்தப்படி திருப்பி அனுப்பப்பட்டவர்களில் உங்கள் பதினோரு குடும்பத்தை வடமாலபேட்டைக்குப் பக்கத்தில் ஒரு பழைய கிடங்கில் தங்க வைத்திருந்தார்கள். வீட்டுமனைக்கு மனுப் போட வேண்டும், ஃபாரமோ தெலுங்கில். எங்கள் வகுப்பில் நாலு பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்து வந்து எழுதிக் கொடுத்தோம். சர்ச்சுக்கு மட்டம் போடுகிறேன் என்று என்னைப் பெற்ற நைனாவுக்கு என்மேல் ஒரே கோபம். நாலு பேரில் எனக்கு மட்டும்தான் தமிழ் தெரியும், அதனால் தலைக்கனம் வேறு.

ஃபாரத்தில் முதல் கட்டமே வீட்டுப் பேர். தெலுங்கர்களுக்குக் குடும்பம் முழுக்க ஒரே வீட்டுப் பேர் இருக்கும், அது சொந்தப் பேருக்கு முன்னால் வரும். உனக்கு அது புரியவே இல்லை.

"எங்களுக்கு அப்பா பேருதாங்க முன்னால. வீட்டுக்கு ஏதுங்க பேரு? தோட்டத்துல நாங்க வரிசையா இருந்த லயத்து வீட்டுக்கு நம்பருதான் போட்டிருந்தாங்க" என்றாய்.

"காலியா வுட்டா ஆபீஸ்ல தூக்கிக் கடாசிடுவாங்கக்கா. நீங்க பொறந்த தோட்டம் பேரு இன்னா? அத்தையே எழுதிடறேன்" என்றேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். உன் வீட்டுக்காரர் பிறந்தது ஒரு தோட்டம், நீ பிறந்தது வேறொன்று, பிள்ளைகள் இரண்டும் பிறந்தது மூன்றாவதில். ஒரு குடும்பத்துக்கு ஒரே பேர் என்பதை யோசிக்காமல், அவரவர் தோட்டத்தையே அவரவர் வீட்டுப் பேராக அழகாக எழுதினேன். நீ முந்தானையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து நீட்டினாய். "போட்டோலாம் வேணாம்க்கா, அதான் எல்லாம் எழுதிக்கினு இருக்கறேனே" என்று தள்ளிவிட்டேன். மற்றப் பத்துக் குடும்பத்துக்கும் அதே லட்சணத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, மத்தியானம் நீ பாலில்லாமல் போட்ட சாயத் தண்ணியைக் குடித்துவிட்டுப் பஸ் ஏறினேன்.

பட்டியல் வந்தது. வீட்டுப் பேர் வேறென்றால் குடும்பமே வேறு என்பது ஆபீஸின் கணக்கு. உன் வீட்டுக்காரர் தனியாள், நீ தனியாள், பிள்ளைகள் பெற்றோர் இல்லாதவர்கள். தனியாட்களுக்கு மனை கிடையாது. பிள்ளைகளைச் சித்தூரில் ஒரு விடுதிக்கு அனுப்பலாம் என்று ஓரத்தில் குறிப்பு வேறு எழுதியிருந்தார்கள்.

நீ என்னைத் திட்டியிருக்கலாம். "கடலத் தாண்டி ஒண்ணா வந்தோம் புள்ள. காயிதத்துல பிரிஞ்சிட்டமே" என்று மட்டும் சொன்னாய். உன் ஆறு வயது மகள் விமலா உன் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திரும்பும்போது பஸ்ஸில் அத்தனை பேர் முன்னால் நான் அழுதேன், உனக்குத் தெரியுமா?

சித்தூரில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். நாங்கள் மாணவர்கள், வாதாட உரிமை இல்லை, கூட நிற்கலாம், அவ்வளவுதான். தப்பை ஒப்புக்கொண்டால் படிப்புக்கே ஆபத்து என்று வகுப்புத் தோழன் சுதாகர் வழியெல்லாம் பயமுறுத்திக்கொண்டே வந்தான். உன் பிள்ளைகளைப் பார்த்தபின் வாயை மூடிக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை.

"சார், இவங்க மேல தப்பு இல்ல. தப்பா எழுதினது நான்தான்" என்றேன்.

அதிகாரி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ஏமம்மா, இந்த நாலு பேரும் ஒரே குடும்பம்னு நான் எப்படி நம்பறது?"

எனக்குச் சட்டப் பிரிவுகளாக வாயில் வந்தது, ஒன்றும் உதவவில்லை. நீ நேராகப் போய் அந்தப் போட்டோவை மேசைமேல் வைத்தாய். கப்பல் ஏறுவதற்கு முன் சர்க்கார் ஆட்கள் எடுத்தது. நாலு பேருமாக ஒரே ஸ்லேட்டைப் பிடித்திருந்தீர்கள், அதில் உங்கள் குடும்ப நம்பர்.

"இதத்தாங்க அன்னைக்கே இந்தப் புள்ளகிட்ட காட்டுனேன். வேணாமுன்னுருச்சு."

ஆபீஸே சிரித்தது. அதிகாரி நம்பரைக் கோப்போடு ஒத்துப் பார்த்தார், சரியாக இருந்தது. பேனாவைத் திறந்து, "நாலு பேருக்கும் ஒரே வீட்டுப் பேரா எழுதிடறேன். ஏதாவது ஒரு பேர் சொல்லும்மா" என்றார்.

நீ என்னைக் கை காட்டினாய். "இந்தப் புள்ள வீட்டுப் பேரு என்னாங்க?"

"நகரி" என்றேன். எங்கள் தாத்தா நகரியிலிருந்து வந்தவர், பள்ளிக்கூடத்தில் அப்படி எழுதப் போய் ஒட்டிக்கொண்ட பேர்.

"அதையே போடுங்க சாமி. கெடுத்தது இந்தப் புள்ளதானே, அதுவே குடுக்கட்டும்."

அடுத்த வாரம் மற்றப் பத்துக் குடும்பமும் ஆளுக்கொரு ஸ்லேட்டுப் போட்டோவோடு வரிசையில் நின்றது. அவர்களும் ராஜம்மாவுக்குப் போட்ட பேரே போதும் என்றுவிட்டார்கள். மனை வந்தது, சுவர் எழும்பியது, நகரியைக் கண்ணால் பார்க்காத பதினோரு நகரிக் குடும்பங்கள் குடியேறின. "ஒரே மாசத்துல எனக்கு இத்தினி பங்காளியா!" என்று நைனா விழுந்து விழுந்து சிரித்தார். அதற்குப் பிறகு சர்ச்சுக்கு மட்டம் போட்டதைப் பற்றி அவர் பேச்சே எடுக்கவில்லை.

இனி சேதிக்கு வருகிறேன். நேற்று நான் படித்த அதே கல்லூரியின் அறிவிப்புப் பலகையில், சட்டப் படிப்புக்குத் தேர்வானவர்கள் பட்டியலில், நகரி விமலா! நான் கத்திய கத்தலில் வாட்ச்மேன் ஓடிவந்தான். குமாஸ்தா என் கறுப்புக் கோட்டைப் பார்த்துவிட்டு, "மேடம், உங்க வீட்டுப் பொண்ணா?" என்று கேட்டார்.

"எங்க அக்கா பொண்ணு. வீட்டுப் பேர பாத்தா தெர்லியா?" என்றேன்.

இதைக் கேட்க நீ இன்னும் நாற்பது நாள் இருந்திருக்கக் கூடாதா?

நாகலாபுரம் தாண்டி, எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில், இலங்கையிலிருந்து மறுபடியும் ஆட்கள் வந்து இறங்கியிருக்கிறார்கள். இந்த முறை ஒப்பந்தம் எதுவும் இல்லை, சண்டைக்குத் தப்பி உயிரைப் பிடித்துக்கொண்டு படகில் வந்தவர்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை விமலாவும் நானும் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு அங்கே உட்காரப் போகிறோம். யார் வந்து எதிரில் நின்றாலும், முந்தானையிலிருந்து எதை எடுத்து நீட்டினாலும், அதை வாங்கி முழுசாகப் பார்த்த பிறகுதான் பேனாவைத் திறப்பேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன்னோடு பிறக்காவிட்டாலும் சர்க்கார் காகிதப்படி
உன் தங்கை,
நகரி எஸ்தர்