சாரதா விட்ட நான்கு மாத்திரைகள்

கர்க்கடகம் 9, வெள்ளி.

என் நாத்தனார் சாரதா நான்கு நாளாக பிரஷர் மாத்திரை சாப்பிடவில்லை. காலையில் அட்டையை எண்ணியபோதுதான் தெரிந்தது. கேட்டால், "உடம்புல செல்லே புதுசாயிட்டா பிரஷர் தானா இறங்கிடும்னு அவர் சொல்றார் மன்னி" என்கிறாள். அவர் என்பது, இங்கே கேரளத்தில் கர்க்கடக (ஆடி) மாதம் உடம்பு தேறக் குடிக்கும் கஞ்சி மருந்தோடு இளமைக் காப்ஸ்யூலும் விற்க எங்கள் கோயில் மண்டபத்துக்கு வருகிறவர்.

இன்று பஜனை முடிந்ததும் அவர் படம் போட்டுக் காட்டினார். செல்லுக்குள் இருக்கும் இழையின் நுனி, செல் பிரியும்போதெல்லாம் தேய்கிறதாம். தேய்ந்து தீர்ந்தால் செல் கிழடாகிவிடுமாம். அதுவரை சரிதான், நானும் படித்திருக்கிறேன். காப்ஸ்யூல் அந்த நுனியை வளர்த்துவிடும் என்றார். அப்போது எழுந்து நின்றேன்.

"சேட்டா, புற்றுநோய் செல்லும் அந்த நுனியைத் தேயவிடாமத்தானே பெருகறது? எது நல்ல செல், எது கெட்டதுன்னு உங்க காப்ஸ்யூலுக்குத் தெரியுமோ?"

அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சேச்சி எந்த காலேஜ்?"

"எட்டாம் கிளாஸ். பாக்கியெல்லாம் பொண்ணோட புஸ்தகம்."

மண்டபமே சிரித்தது. சாரதா மட்டும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் தண்ணீர் எடுத்து, என் எதிரிலேயே மாத்திரையை விழுங்கினாள். "போறுமா, டாக்டர் மன்னி?" என்றாள்.

போதும். விளக்கேற்றும்போது பகவதியிடம் என் கர்வத்துக்கு மன்னிப்புக் கேட்டேன். முழு மனதோடு கேட்கவில்லை என்பது அவளுக்கும் தெரியும்.