பூச்சாடிக்குள் ஒரு குரல்

இஞ்சாருங்கோ,

பிள்ளையார் கோயிலுக்குப் போகிறேன். இடியப்பமும் சொதியும் அடுப்படியில் இருக்கின்றன.

வருகிற கோடையில் ஆற்றுமணலில் பொன் தேடத் துஷ்யந்தனிடம் இரவல் வாங்கிய, உலோகம் கண்டால் கத்தும் இரண்டு கருவிகளில் ஒன்றைத் திருப்பி எடுக்க அவன் இன்று கார்ஜ் நகரிலிருந்து வருவான். பெரியதையே கொடுத்துவிடுங்கள்.

“தேவாரம் பாடுறவைக்கு மிசினைப் பற்றி என்ன தெரியும்?” என்று கேட்டீர்கள். நீங்கள் புதைத்துப் பார்த்தது நாணயம். அதற்கு இரண்டுமே கத்தின. நான் என் மூக்குத்தியைக் கறிவேப்பிலைப் பூச்சாடி மண்ணில் புதைத்தேன். பெரியது வாய் திறக்கவில்லை. சிறியதோ அந்த எள்ளளவு பொன்னுக்கும் குரல் கொடுத்தது! மறைந்திருப்பவன் கூப்பிட்டால் மறுமொழி தருவான் என்று நாள்தோறும் பாடுகிறேன். இன்றுதான் காதால் கேட்டேன்.

கோசலை

பி.கு.: செடிக்குத் தண்ணீர் ஊற்றாதீர்கள். மூக்குத்தி மண்ணுக்குள்தான் இருக்கிறது; வெறும் மூக்கோடுதான் கோயிலுக்குப் போகிறேன். சிறியதை வைத்து நீங்களும் ஒருமுறை கேளுங்கள். நான் வந்தபின் மூக்குத்தியை நீங்களே எனக்குப் பூட்டிவிடுங்கள்.