தேன் கலர் பாட்டில்

செவிலிமேடு,
26-12-2025

குவைத்துல ஏசி ரூமில் படுத்துக்கினு தொப்பை வளர்க்கும் நண்பன் மணிவண்ணனுக்கு, யேசுதாஸ் எழுதிக்கொள்வது. நானும் என் வீட்டுக்காரி சுகாசினியும் நல்ல சுகம். உன் தலையில மிச்சம் இருக்கிற நாலு முடியும் சுகந்தானே?

மூணாங்கிளாஸ் படிச்சவன் கடுதாசி எழுதறானேன்னு சிரிக்காதே. எனக்கு வர்ற வாட்ஸப்பு எல்லாம் தினகரன்தான் படிச்சுக் காட்டறான். வாய்ஸ் போட்டாலும் போனை வாங்கிக் கேட்டுடறான். இது அவனுக்குத் தெரியக்கூடாது. அதனாலதான் எழுத்துக் கூட்டி எழுதி, குவைத்துக்குத் திரும்பற என் மச்சான் ஜெபகுமார் கையில குடுத்தனுப்பறேன். கூட கிறிஸ்துமஸ் கேக்கு இருக்குது. அதைத் தின்னுட்டே படி. படிச்சப்புறம் எறங்காது.

ஆவணியில தினகரன் ரத்தம் கக்கி ஆஸ்பத்திரியில கெடந்தது உனக்குத் தெரியும். ஈரல் போச்சு, இனி ஒரு வாய் குடிச்சாலும் இங்க தூக்கிக்கினு வராதீங்கன்னு டாக்டர் சொன்னதை அவன் பொண்டாட்டி கலைவாணி உன்கிட்ட போன்ல அழுதிருப்பா. நாலு மாசமா சொட்டு தொடல. திரும்பத் தறியில உக்காந்துட்டான். கை நடுங்குது, ஆனாலும் நெய்யறான்.

பொங்கலுக்குத் தறி நிக்கும்போது நாம மூணு பேரும் ஜவ்வாது மலைக்குப் போயி, ஓடைப் பக்கம் தார்ப்பாய் கட்டி ரெண்டு நாள் கெடப்போமே, அதுல விஸ்கி வாங்கறது வருஷத்துக்கு ஒருத்தர் முறை. போன வருஷம் உன் முறை. குவைத்துல கெடைக்காட்டியும் இங்க வந்து எறங்கற ஏர்போர்ட்ல அத்தனை பாட்டில் இருக்க, அடுப்புப் பொகை நாத்தம் அடிக்கறதா பாத்து வாங்கிக்கினு வந்தியே, மகராசா! அதுக்கு எங்க வீட்டு அடுப்பையே நக்கியிருக்கலாம். அதுக்கு முந்தின வருஷம் என் முறை. அதைப் பத்திப் பேச வேணாம்.

இந்த வருஷம் தினகரன் முறை.

இந்தத் தடவை மலையே வேணாண்டான்னு சொல்லிப் பாத்தேன். என் முறையைத் தாண்டிப் போனீங்கன்னா என்னைச் செத்தவனா வெச்சுட்டீங்கன்னு அர்த்தம்னான். நான் தொடமாட்டேன், ஊத்திக் குடுக்கறேன், நீங்க குடிங்கன்னான். பத்து நாள் தேடினான் மணி. ஓடைத் தண்ணி சில்லுன்னு இருக்கும், அதைக் கலந்தாலும் ருசி நிக்கணுமாம். சுட்ட கருவாட்டுக்கு ஒத்துப்போவணுமாம். லுங்கியில சுத்தி பஸ்ஸுல போட்டா ஒடையாத பாட்டிலா இருக்கணுமாம். பொண்ணு பாக்கறவன்கூட இவ்வளவு விசாரிக்கமாட்டான். ஆஸ்பத்திரிக்கு அப்புறம் அவன் மூஞ்சி தெளிஞ்சது அந்தப் பத்து நாள்தான். எப்படி வேணாம்னு சொல்லுவேன்?

வாங்கினதை என் வீட்டுல வெச்சான். அவன் வீட்டுல இருந்தா கலைவாணி ஒடைச்சுடுவாளாம். அரிசி டிரம்முக்குப் பின்னாடி இருக்குது. தெனம் சாயங்காலம் வந்து, பத்திரமா இருக்குதான்னு பாக்கறேன்னு கையில எடுப்பான். ஒரு நாள் பாத்தா சீல் ஒடைஞ்சிருந்தது. அளவு கொறையல. மோந்து மட்டும் பாத்திருக்கான்.

அன்னிக்கே அவ்வளவையும் சாக்கடையில கொட்டிட்டேன். மாதிரிக்கு மட்டும் ஒரு மூடி எடுத்து வெச்சேன். முப்பது வருஷமா மாதிரி நூலைப் பாத்து அதே நிறத்துல பட்டுக்குச் சாயம் போடறவன், எனக்கு ஒரு தேன் கலர் வராதா? பால் ஊத்தாத டீயைப் போட்டு வடிகட்டி, கொஞ்சம் தண்ணி, திரும்பக் கொஞ்சம் டிகாஷன், வாசல் வெயிலுல தூக்கித் தூக்கிப் பாத்து, அப்படியே கொண்டாந்துட்டேன். வாசனைக்கு, மாதிரிக்கு வெச்ச விஸ்கியில துணியை நனைச்சு மூடியைத் துடைச்சு வெச்சேன். டீ ரெண்டு நாள்ல புளிச்சுப் போவுது. அதனால நாள் விட்டு நாள் மாத்தறேன். டீத்தூளை நான் திருட்டுத்தனமா விக்கறேன்னு சுகாசினி சந்தேகப்படறா. சிரி, சிரி.

இதுக்கு மேல சிரிக்காதே. முந்தாநேத்து அவன் வந்துட்டுப் போனப்புறம் பாத்தேன். ரெண்டு வெரக்கடை கொறைஞ்சிருக்குது.

குடிச்சிருக்கான் மணி. விஸ்கின்னு நெனைச்சுத்தான் வாயில வெச்சிருக்கான். டீன்னு தெரிஞ்சிருக்கும். நேத்தும் வந்தான். திட்டுவான், சட்டையைப் புடிப்பான்னு காத்துக்கினு இருந்தேன். ஒண்ணும் கேக்கல. பாட்டிலை வெளிச்சத்துல தூக்கிப் பாத்து, கலரு நல்லா இருக்குதுடான்னான். போவும்போது வாசப்படியில நின்னு, மணி ஏர்போர்ட்ல என்ன வாங்கிக்கினு வரான்னு கேட்டான்.

அதுலேர்ந்து எனக்குச் சோறு எறங்கல.

பத்தொம்பது வயசுல பாலாத்து மணல்ல அவன் வேணாம் வேணாம்னுதான் சொன்னான். பொட்டச்சியாடா நீன்னு கிண்டல் பண்ணி முதல் கிளாஸை ஊத்தினவன் நான். நீ பக்கத்துல உக்காந்து சிரிச்சே. ஊரையே கிண்டல் பண்றேன், யாரும் கோவிச்சுக்கல. அந்த ஒரு கிண்டலை மட்டும் திரும்ப வாங்கிக்க முடியல.

அதனால போகிக்கு நீ வரும்போது ஒண்ணும் வாங்காதே. சின்ன பாட்டில்கூட வேணாம். உன் பையை அவன் துழாவுவான், துழாவட்டும். மலையில அவன் இந்த பாட்டிலைத் தொறந்து நமக்கு ஊத்துவான். டீன்னு அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், இப்ப உனக்கும் தெரியும். வாங்கிக் குடி. தொண்டை எரியற மாதிரி மூஞ்சியைச் சுளி. கருவாட்டைக் கடி. இத்தனை வருஷத்துல வாங்கினதுல இதுதாண்டா நல்ல சரக்குன்னு அவன்கிட்ட சொல்லு. அவனும் ஒரு கிளாஸ் ஊத்திக்கினான்னா தடுக்காதே.

பொறப்படற அன்னிக்குக் காலையில புதுசா டீ போட்டு ஊத்திக்கினு வரேன். உன்னை ஆண்டவர் பத்திரமா கொண்டாந்து சேக்கட்டும். நாம மூணு பேரா மலை ஏறி, மூணு பேரா எறங்கணும். வெறுங்கையோட வா மணி, உன் காலைத் தொட்டுக் கேக்கறேன்.

இப்படிக்கு,
உன் சாயக்காரன்
யேசுதாஸ்